கடைசி இடத்துப் பள்ளிக்கூடம்

ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஒருத்தி முதல் நாற்காலிக்கும் இன்னொருத்தி கடைசி நாற்காலிக்கும் போகிற கூத்தை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் அடிக்கடி பார்க்கலாம். இரண்டு பேரும் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியைகள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள். மூத்தவளின் பள்ளியில் பத்தாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் தேறிவிடுவார்கள், வருஷம் தவறாமல். அதனால் அவளை வட்டாரம் முழுக்க 'நூறு டீச்சர்' என்றுதான் சொல்வார்கள். இளையவள் 'இடி டீச்சர்'. குரல் அப்படி. அவள் வராந்தாவில் நின்று "யாருடா அது?" என்று கேட்டால் பக்கத்துத் தெருவில் சைக்கிளில் போகிறவன் இறங்கி நின்றுவிடுவான்.

நாற்காலிகளை வரிசைப்படி போட்டு உட்கார வைப்பது இப்போதைய கல்வி அதிகாரியின் ஏற்பாடு. தேர்ச்சி சதவீதம் ஒன்று, வருகை சதவீதம் ஒன்று. இரண்டையும் கலந்து பள்ளிகளுக்கு இடம் கொடுப்பார். முதல் இடத்துக்காரர் ஏ.சி.க்கு நேர் எதிரில். கடைசி இடத்துக்காரர் கதவோரம், போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காலை மடக்கிக்கொண்டு. அவமானப்பட்டால் மனிதர் முன்னேறுவார் என்பது அவருடைய நம்பிக்கை. இடி டீச்சர் அங்கே இரண்டு வருஷமாக உட்கார்ந்து முன்னேறவும் இல்லை, அவமானப்படவும் இல்லை. போகிறவர்களிடம் "மெதுவா போங்க, காலை மிதிச்சிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியாக இருக்க என்ன செலவாகிறது, இருந்துவிட்டுப் போகிறேன் என்பது அவள் கட்சி.

ஆனால் அன்றைக்கு, அரையாண்டுத் தேர்வுப் பட்டியலைத் திரையில் போட்டுவிட்டு, அதிகாரி வேறு ஒன்று சொன்னார்.

"தொடர்ந்து மூணாவது வருஷம் ஒரு ஸ்கூல் கடைசியில இருந்தா அங்க ஒன்பதும் பத்தும் இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். அடுத்த மாசமே மூடிட்டு, பிள்ளைங்களைப் பக்கத்து ஸ்கூல்ல சேர்த்துருவோம். பேப்பர்ல யாரும் ஏதும் எழுதிடக் கூடாது பாருங்க, அதனால சேர்த்த ஒரு பிள்ளையைக்கூடப் பொதுத் தேர்வு முடியற வரைக்கும் வெளிய அனுப்ப முடியாது. எல்லாம் யோசிச்சுத்தான் பண்ணியிருக்கோம்."

பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எல்லாத் தலைகளும் கதவோரம் திரும்பின. மூடப்போவது தன்னுடையதில்லை என்ற நிம்மதியில் பாதிப் பேருக்கு முகமே மலர்ந்துவிட்டது.

இடி டீச்சரின் பள்ளிக்குப் பக்கத்துப் பள்ளி என்பது நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மூத்தவளின் பள்ளி. லாரிகளுக்கு நடுவே சாலையைத் தாண்டி யார் பெண்ணை அனுப்புவார்கள்? எட்டோடு நிறுத்திவிடுவார்கள். வேலைக்கு அனுப்புவார்கள், இல்லாவிட்டால் கல்யாணம் பேசுவார்கள். ஒன்பதும் பத்தும் போனால் இந்தப் பக்கத்துத் தெருக்களில் பாதிப் பெண்களின் படிப்பு அதோடு சரி. இது அவளுக்குத் தெரியும், அதிகாரிக்கும் தெரியும். பட்டியலில்தான் அதற்கு இடமில்லை.

கூட்டம் முடிந்ததும் அதிகாரி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். திட்டுவதற்குக் கூப்பிட்டிருந்தால் அவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"மேடம், உங்க ஸ்கூலை மூட எனக்கு மட்டும் ஆசையா? உங்க பத்தாம் வகுப்புல ஏழு பேர்தான் பிரச்சினை. அவங்களைத் தனித்தேர்வரா எழுதச் சொல்லிடுங்க. பெத்தவங்ககிட்ட ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். ரெஜிஸ்டர்ல இருந்து பேர் போயிட்டா சதவீதம் ஏறிடும், நீங்க கடைசிக்கு முந்தின இடத்துக்கு வந்துருவீங்க. ஸ்கூல் பிழைச்சுக்கும்."

"அந்த ஏழு பேர்?"

"அவங்க எங்க போறாங்க? வீட்ல இருந்து படிச்சு எழுதப் போறாங்க."

"வீட்ல இருந்து படிக்க முடிஞ்சா அவங்க ஏன் சார் ஸ்கூலுக்கு வர்றாங்க?"

அதிகாரி ஏழு படிவங்களை மேஜையில் நகர்த்தினார். வெள்ளிக்கிழமை அடுத்த கூட்டம், அதற்குள் முடித்துவிடுங்கள் என்றார். அவள் வாங்கிக்கொண்டாள். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் மாடி மூத்தவளுக்கு, கீழே இளையவளுக்கு. சமையலறை மட்டும் ஒன்று. இரண்டு தலைமையாசிரியைகள் ஒரே அடுப்பில் சமைத்தால் அந்தச் சமையலறையில் மணி அடிக்காத குறைதான். அன்று சாயங்காலம் நூறு டீச்சர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, சாதாரணமாகச் சொல்வதுபோல் ஆரம்பித்தாள்.

"கையெழுத்து வாங்கிடும்மா. இதுல யோசிக்க என்ன இருக்கு? ஏழு பேருக்காக மொத்த ஸ்கூலையும் பலி கொடுப்பியா? எல்லாரும் பண்றதுதானே. நானும்தான் பண்றேன்."

"தெரியும்க்கா. நீங்க பண்றது கடைசியில எங்க வந்து சேருதுன்னு யோசிச்சிருக்கீங்களா?"

"எங்க?"

"என் ஸ்கூல்ல. இந்த ஏழு பேர்ல நாலு பேர் நீங்க அனுப்பி வெச்சவங்க. ஒன்பதாம் வகுப்புலயே 'இது தேறாது'ன்னு டி.சி.யைக் கிழிச்சுக் கையில கொடுத்துருவீங்க. அதுங்க நேரா என் வாசல்ல வந்து நிக்கும். நீங்க கழிச்சு விட்டதாலதான் நீங்க நூறு. நான் சேர்த்துக்கிட்டதாலதான் நான் கடைசி. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு இதைக்கூட நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா?"

கூடத்தில் அண்ணன் டி.வி. சத்தத்தைக் கூட்டினான். தம்பி, அதாவது இடி டீச்சரின் புருஷன், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மொட்டை மாடிக்கு ஏறிவிட்டான். தொட்டி காலையிலேயே நிரம்பியிருந்தது.

"என்னமோ நான் பிள்ளைங்களைக் கிணத்துல தள்ளின மாதிரி பேசறே" என்றாள் மூத்தவள். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "வராத பிள்ளையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"வராத பிள்ளையா? அரைநாளை வராத பிள்ளைங்கறீங்களா?"

"அது யாரு அரைநாள்?"

"அவ டி.சி.யில கையெழுத்து போட்டது நீங்க. யாருன்னு என்கிட்ட கேக்கறீங்க" என்று சொல்லிவிட்டு இடி டீச்சர் அடுப்பை அணைத்தாள். அன்று அந்த வீட்டில் ஆளுக்கு ஒரு மூலையில் ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள்.

இவ்வளவு ரோஷமாகப் பேசியவள்தான் மறுநாள் காலை முதல் வேலையாகப் படிவங்களை எடுத்துக்கொண்டு அரைநாள் வீட்டுக்குப் போனாள். அக்காவைத் திட்டுவது சுலபம், பள்ளியைக் காப்பாற்றுவது வேறு வேலை. ஏழு பேரா, வருஷா வருஷம் வரப்போகிற அத்தனை பெண்களா என்று ராத்திரி முழுக்க மனது தராசு பிடித்து, விடிகிற நேரத்தில் அத்தனை பெண்கள் பக்கம் சாய்ந்திருந்தது.

அரைநாள் என்பது வகுப்பில் வைத்த பெயர். அவள் எப்போதும் மதியம்தான் வருவாள். வந்தால் கடைசி மணி வரை அசையமாட்டாள். ஆனால் வருகைக் கணக்கு காலையில்தான். முதல் பீரியடில் பெயர் கூப்பிட்டு, பத்தரைக்குள் எண்ணிக்கையை அலுவலகத்துக்குப் போனில் அனுப்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு வருகிறவர்களை அந்தக் கணக்கு ஏற்றுக்கொள்ளாது. ஆக, தினமும் பள்ளிக்கு வருகிற ஒரு பெண் அரசாங்கக் கணக்குப்படி ஒரு நாள்கூட வந்ததில்லை. ஆள் இருக்கிறாள், வருகை இல்லை. பேய் பிசாசு என்று எழுதினால்தான் கணக்கு நேராகும்.

வீடு என்பது ஒற்றை அறை. ஜன்னலோரக் கட்டிலில் அவளுடைய அப்பா. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்ட மனிதர். அம்மா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை, விடிவதற்குள் போனால் மதியம் திரும்புவாள். அவள் வந்து செருப்பைக் கழற்றினால் பெண் செருப்பை மாட்டுவாள். கதவின் உள்பக்கம் முழுக்கச் சாக்பீஸில் கணக்குச் சூத்திரங்கள்.

"டீச்சர், நல்ல நேரத்துல வந்தீங்க. அந்தப் பக்கம் துணியைப் பிடிங்க" என்றாள் அரைநாள். வாங்க, உட்காருங்க என்பதெல்லாம் பிறகுதான். "அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கணும். இல்லன்னா முதுகுல புண்ணு வந்துரும். நான் சொன்னதும் இழுங்க. இப்ப."

இடி டீச்சர் இழுத்தாள். வட்டாரத்தில் அவளுக்கு இப்படி உத்தரவு போட்டவர் யாரும் கிடையாது. அப்பா ஒருக்களித்துப் படுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க டீச்சர், வந்ததும் வராததுமா உங்களை வேலை வாங்கிட்டா" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் பெண்ணைப் பற்றிய பெருமைதான் இருந்தது.

டீச்சர் படிவத்தை எடுத்தாள். வழக்கமாக நாலு வீட்டுக்குக் கேட்கிற குரல் அன்று கட்டில்வரைகூட எட்டவில்லை. அரைநாள் படிவத்தை வாங்கி நின்றபடியே படித்தாள்.

"தனித்தேர்வர்னா என்ன டீச்சர்?"

"வீட்ல இருந்தே படிச்சு எழுதறது."

"ஸ்கூலுக்கு வர வேணாமா?"

"வர வேணாம்."

"வந்தா?"

டீச்சர் கைப்பையின் வாரைச் சரிசெய்தாள்.

"வந்தா வெளிய அனுப்புவீங்களா?"

"உன் நல்லதுக்குத்தாம்மா" என்றாள் டீச்சர். சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே தன்மேல் எரிச்சல் வந்தது. இதே மாதிரிப் பேச்சுக்குத்தான் நேற்றுச் சமையலறையில் அக்காவோடு சண்டை போட்டிருந்தாள்.

"நூறு டீச்சர் ஸ்கூல்ல கேட்டைச் சாத்தினப்ப நான் அழவே இல்ல டீச்சர். உங்க ஸ்கூல் இருக்குன்னு தெரியும். நீங்களும் சாத்தினா அடுத்து எந்த ஸ்கூல்? நீங்களே சொல்லுங்க, போறேன்." படிவத்தைத் திருப்பி நீட்டினாள். "அப்பா கையெழுத்து போட மாட்டாரு. நானும் போட விட மாட்டேன். பேரை அடிச்சாலும் மதியம் வந்து என் இடத்துல உக்காருவேன். தூக்கி வெளிய போடறதுன்னா போடுங்க, பார்க்கலாம்."

"பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது?" என்று அதட்டினார் அப்பா. கையெழுத்துக்காகப் பேனாவைத் தேடவில்லை, கவனியுங்கள்.

டீச்சருக்குக் கோபம் வந்தது. அரைநாள்மேல் இல்லை. வாழ்க்கையில் ஒரு தடவை பயந்தோம், அதுவும் இந்தப் பெண் முன்னால் மாட்டிக்கொண்டோமே என்று வந்த கோபம். அந்தக் கட்டில் ஒரு கால் குட்டையாகி, அப்பா மூச்சு விடும்போதெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. படிவத்தை மடித்துக் கட்டில் காலுக்கு அடியில் திணித்தாள். போதவில்லை. மற்ற ஆறையும் எடுத்து மடித்துத் திணித்தாள். ஆட்டம் நின்றது.

"மதியம் வா" என்றாள். இந்தத் தடவை நாலு வீட்டுக்கும் கேட்டது.

நெடுஞ்சாலை ஓரமாக நடந்து வரும்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. அதிகாரி எல்லாம் யோசித்துவிட்டதாகச் சொன்னாரே, ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. பள்ளியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். பிள்ளைகளை எந்தக் கணக்கில் எழுதுவது? அவசரத்தில், தேர்வுக்கு முன்னாலேயே மூடுகிறேன் என்று சொல்லிவிட்டார். சாலையோரம் தனியாக ஒரு தலைமையாசிரியை சத்தமாகச் சிரித்ததை இரண்டு லாரி டிரைவர்கள் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஸ்கூட்டரில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இறங்கி அவரவர் நாற்காலிக்குப் போனார்கள். அதிகாரி நேரே கதவோரம் பார்த்தார்.

"என்ன மேடம், ஏழு பேர் விஷயம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார். யாரையும் எடுக்கல."

"அப்ப மூட வேண்டியதுதான். அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க."

"சொல்லல. மூடுங்க." அவள் எழுந்து நின்றாள். "பிள்ளைங்களை என்னைக்கு அனுப்பட்டும்? என் ஏழு பேரையும் சேர்த்துத்தான் அனுப்புவேன். எங்க அக்கா ஸ்கூல்தான் பக்கத்துல. அங்க இடம் பத்தலைன்னா மத்தவங்களுக்கும் பங்கு பிரிச்சுத் தரேன். அடுத்த மாசத்துல இருந்து அவங்க மார்க்கும் வருகையும் உங்க உங்க கணக்குல. நடுவுல டி.சி. கொடுத்து அனுப்பவும் முடியாது. சாரே சொல்லிட்டார், தேர்வு முடியறவரைக்கும் ஒரு பிள்ளையைத் தொடக் கூடாதுன்னு. மதியம் மட்டும் வர்றவ ஒருத்தி இருக்கா, தங்கமான பொண்ணு. யாருக்கு வேணும்?"

ஹால் சந்தைக்கடை ஆகிவிட்டது. எங்களிடம் பெஞ்சு இல்லை என்றார் ஒருவர். எங்கள் பள்ளிக் கழிப்பறை ரிப்பேர் என்றார் இன்னொருவர். போன வாரம் மலர்ந்த முகங்களெல்லாம் வாடிப்போயின. மூன்றாம் இடத்துக்காரர் எழுந்து, பழைமையான ஒரு பள்ளியை மூடுவது சமூகத்துக்குச் செய்கிற துரோகம் என்று கண் கலங்கப் பேசினார். அந்தச் சமூகம் இத்தனை நாள் எங்கிருந்தது என்று அவரை யாரும் கேட்கவில்லை.

"ஒவ்வொருத்தரா பேசுங்க!" அதிகாரி மேஜையைத் தட்டினார். "இந்தப் பிள்ளைங்களை எடுத்துக்க முடியாதுங்கறவங்க கையைத் தூக்குங்க."

கைகள் எழுந்தன. வரிசை வரிசையாக எழுந்தன.

இடி டீச்சர் எதிர்பார்த்ததுதான். இதற்காகத்தான் இத்தனையும் பேசினாள். பள்ளி பிழைத்துவிட்டது. ஆனாலும் அந்தக் கைகளைப் பார்த்தபோது அவளுக்கு நெஞ்சு எரிந்தது. எல்லாரும் ஆசிரியர்கள். கை தூக்கினால்தான் பேசலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள். ஏழு பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்ல ஒருத்தருக்குக்கூடக் கை வலிக்கவில்லை.

ஒரே ஒரு கை மட்டும் எழவில்லை. நூறு டீச்சர் மடியில் கையைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்தாள்.

"நான் எடுத்துக்கறேன் சார்."

"நீங்களா?" அதிகாரியே பதறிவிட்டார். "மேடம், உங்க நூறு போயிரும்."

"போகட்டும். அதுல நாலு பேர் என் பிள்ளைங்க. அரைநாள்னு ஒரு பொண்ணு, அது யாருன்னு வீட்ல வெச்சு நான் இவகிட்ட கேட்டேன். எவ்வளவு யோசிச்சும் அந்தப் பொண்ணு முகம் எனக்கு ஞாபகம் வரல. கையெழுத்து மட்டும் போட்டிருக்கேன்." அதிகாரியை நேராகப் பார்த்தாள். "எல்லாரையும் அனுப்பச் சொல்லுங்க. எடுத்துக்கறேன்."

இடி டீச்சர் அக்காவின் பக்கம் திரும்பினாள். இருபது வருஷ ஓரகத்தி உறவில் அக்கா முதல் தடவையாக நல்லவளாகிறாள். அதற்கு இந்த நேரமா கிடைத்தது? ஒருத்தி எடுத்துக்கொள்கிறேன் என்றால் போதும், அதிகாரி மூடிவிடுவார். அவர் முகம் அதற்குள் தெளிந்து, பேனா மூடியைத் திறந்தாகிவிட்டது.

"ரொம்ப நல்லதாப் போச்சு. அப்ப அடுத்த மாசம் முதல்..."

"தர மாட்டேன்!"

அது எப்படிப்பட்ட சத்தம் என்றால், வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"தர மாட்டேன்க்கா. உங்க ஸ்கூல் கேட்டை ஒன்பது மணிக்குச் சாத்திருவீங்க. மதியம் வர்றவளுக்குத் திறப்பீங்களா?"

"திறப்பேன்."

"அப்ப திங்கக்கிழமைல இருந்து திறந்து வைங்க. இந்த வருஷம் நீங்க கழிச்சு விடலாம்னு வெச்சிருக்கற பிள்ளைங்க அங்கேயே இருந்து படிக்கட்டும். என்கிட்ட வந்தவங்க என்கிட்டதான் இருப்பாங்க. யாருக்கும் வேண்டாம்னப்பவும் எனக்கு வேணும், உங்களுக்கு வேணும்னாலும் எனக்குத்தான் வேணும்." அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "பஸ் அனுப்புங்க சார், வாசல்ல நான்தான் நிப்பேன். ஒரு பிள்ளை ஏறுதான்னு பார்க்கலாம்."

அக்கா அவளையே பார்த்தாள். வெங்காயம் நறுக்கும்போது பார்க்கிற பார்வை இல்லை அது. பிறகு நிதானமாகப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

"அவ தர மாட்டேங்கறா சார். கொடுக்காத பிள்ளையை நான் எப்படி எடுத்துக்கறது?" என்றாள்.

உட்கார்ந்த பிறகு, எல்லாருக்கும் தெரியும்படி தன் கையையும் தூக்கினாள்.

அதிகாரி பேனாவைப் பிடித்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முன்னால் திறந்து கிடந்த பட்டியலில் கடைசிப் பள்ளிக்கு நேராகக் குறிப்பு எழுதும் கட்டம் காலியாக இருந்தது. மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய பட்டியல். காலியாக விட முடியாது.

"இதுல நான் என்னன்னு எழுதறது?" அவர் குரலில் அதிகாரம் போய், நிஜமாகவே கேட்பதுபோல் இருந்தது.

"தலைமையாசிரியை பிள்ளைகளைத் தர மறுக்கிறார்னு எழுதுங்க சார்" என்றாள் இடி டீச்சர். "கொட்டை எழுத்துல எழுதுங்க."